ஒழுக்கம் பிறந்த இடம்

ஆறாம் வகுப்பு படிக்கும் சோனா, அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தாள். நாளைக்குப் பள்ளியில் ‘ஒழுக்கம்’ என்ற சொல்லைப் பற்றிப் பேச வேண்டும். அந்தச் சொல் ‘ஒழுகு’ என்பதிலிருந்து வந்ததாம்!

“மழை பெஞ்சா நம்ம கூரைகூட ஒழுகுதே! அப்ப நம்ம வீட்டுலயே அதுதான் ரொம்ப ஒழுக்கம்,” என்று சிரித்தான் தம்பி டின்டு.

அதற்குள் அம்மா கூப்பிட்டார். “ஓஸ்ல தண்ணி வரல. ரெண்டு பேரும் மேல போய்ப் பாத்துட்டு வாங்க.”

ஆனைக்கரை மலையூரில் அது கடும் கோடை. ஏலத்தோட்டத்துக்கு மேலே, பாறையடியில் ஒரு சின்ன ஊற்று உண்டு. ஊரார் அதை ஓலி என்பார்கள். அங்கிருந்து ஐந்து வீடுகளுக்கு ஐந்து ஓஸ் குழாய்கள் இறங்கும். யார் மேலே போனாலும் ஐந்து ஓஸையும் சரிசெய்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். அது அங்கே வழக்கம்.

ஓலியில் தண்ணீர் ஒரு சாண்கூட இல்லை. ஓஸ் முனைகள் எல்லாம் காய்ந்துபோய்த் தொங்கின.

“அக்கா, நம்ம ஓஸ மட்டும் அடியில விடு. யாரு பாக்கப் போறா?” என்றான் டின்டு. “பக்கத்துல கற்பகம் அக்கா வீட்டுல யாராச்சும் மேல ஏறியே பத்து நாளாச்சு.”

“அவங்களுக்குப் பாப்பா பொறந்தே பத்து நாள்தாண்டா ஆச்சு. குளிப்பாட்டத் தண்ணி வேணாமா?”

சொல்லிவிட்டாளே தவிர, சோனாவுக்கும் மனம் ஊசலாடியது. வீட்டில் டிரம் காலி. ஐந்து ஓஸும் இழுத்தால் அது நிறைய வெகுநேரம் ஆகும்.

அப்போதுதான் பாறை இடுக்கைக் கவனித்தாள். நூல்போல நீர் வந்துகொண்டே இருந்தது. சத்தமே இல்லை. ஒருவரும் எட்டிப் பார்க்காத நாளிலும் இப்படித்தான் வந்திருக்கும். இந்த மலையில் வீடுகளே இல்லாத காலத்திலும்! சோனாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

“டின்டு, ஒழுகுறதுன்னா இதுதாண்டா,” என்றாள் மெதுவாக. “யாரு பாத்தாலும் பாக்காட்டியும், அது பாட்டுக்குப் போயிட்டே இருக்கு.”

டின்டு இம்முறை சிரிக்கவில்லை. அவனும் வாயைப் பிளந்து பார்த்தான்.

ஐந்து முனைகளையும் ஒரே ஆழத்தில் இறக்கி, கல் வைத்து அழுத்தினார்கள்.

இறங்கி வந்தபோது, கற்பகம் அக்கா பாப்பாவைத் தோளில் போட்டபடி வாசலில் நின்றார். வாளியில் தண்ணீர் சலசலவென்று விழுந்துகொண்டிருந்தது.

“தண்ணி வந்துருச்சு பாத்தியா சோனா! அந்த ஓலிக்குத்தான் எம்புட்டு நல்ல மனசு!”

உண்மையைச் சொல்ல டின்டு வாயைத் திறந்தான். சோனா அவன் காலை மெல்ல மிதித்தாள்.

“ஆமாக்கா, ரொம்ப நல்ல மனசு!” என்றாள்.