வெறும் ஆணிக்கு ஒரு பொட்டு

வந்தவர்களுக்காகக் கலக்கிய தேத்தண்ணீர் நாலு கிளாசிலும் அப்படியே இருந்தது. யாருக்கும் குடிக்கிற மனநிலை இல்லை.

சன்னாசி தன் பட்டறை வாசலிலேயே நின்றுவிட்டார். வலது கை மாவுக்கட்டோடு கழுத்திலிருந்து தொங்கியது. மலேசியாவின் கோப்பெங்கில் அந்த வீட்டின் பின்பக்கத்தில் இருபத்திரண்டு வருடமாகப் புல் வெட்டும் மெஷின்களும் தண்ணீர் பம்புகளும் பழுதுபார்க்கிறவர் அவர். உடைந்த பிளேடு, செத்த மோட்டார், ஆணி போட்ட மைலோ டின் எல்லாம் இடுப்புயரத்துக்குக் குவிந்து கிடந்த இடம் அது. போன மாதம் அந்தக் குவியலில் கால் தடுக்கி விழுந்துதான் மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். பீடோரில் அக்கா மங்களத்தின் மகள் கல்யாணத்துக்குப் போய் ஐந்து நாள் தங்கிவிட்டு இப்போதுதான் திரும்பியிருந்தார். வந்து பார்த்தால் தரை தெரிந்தது. அது சிவப்புச் சிமெண்டுத் தரை என்பதே அவருக்கு மறந்து போயிருந்தது.

கணவரோடு வேனில் அவரைக் கொண்டுவந்து விட்ட மங்களம்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"லீவு இல்லன்னு முகூர்த்தம் முடிஞ்ச கையோட பஸ் ஏறினியே புனிதா... இதுக்கு மட்டும் லீவு கெடைச்சிச்சா?"

"பொய் சொன்னது தப்புத்தான் அண்ணி. உங்க தம்பி வீட்ல இருந்தா ஒரு ஆணியத் தொட விட்டிருப்பாரா?"

சன்னாசியின் மனைவி புனிதா கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவள். வருட விடுப்பில் மீதி இருந்தது மொத்தத்தையும் இந்தப் பட்டறைக்குத்தான் செலவழித்திருந்தாள். விரல் நகமெல்லாம் கிரீஸ் ஏறிக் கறுத்திருந்தது. அதை அங்கே யாரும் கவனிக்கவில்லை.

"அப்பாவோட ஸ்பானா எங்க?" என்றார் சன்னாசி.

தோட்டத்து ரப்பர் ஆலையில் மெக்கானிக்காக இருந்த அவர் அப்பா விட்டுப்போன ஒரே பொருள், நட்டு கழற்றும் அந்த ஸ்பானா. முழங்கை நீளம், இருபத்தொன்றாம் நம்பர். சுவர்ப் பலகையில் ஒவ்வொரு சாமானுக்கும் ஓர் ஆணி அடித்து, அதன் உருவத்தைச் சுற்றிக் கறுப்புக் கோடு வரைந்திருந்தாள் புனிதா. ஸ்பானா அளவில் வரைந்த நீளக் கோட்டுக்குள் மட்டும் ஒன்றும் தொங்கவில்லை.

"பழைய இரும்பு லோரிக்காரனுக்குப் போட்டிருப்பா," என்றாள் மங்களம். குரல் உடைந்தது. "எங்கப்பா கை பட்டது... அதப் போயி..."

சன்னாசியின் முகம் சிவந்தது. "அது இல்லன்னா இனி நீ பட்டறைக்குள்ள கால வைக்காத. சொல்லிட்டேன்."

புனிதாவுக்குக் கண் கலங்கியது உண்மைதான். ஆனால் அவள் பின்வாங்கவில்லை. நேராகப் பலகையிடம் போய், காலியான ஆணியின் மேல் விரல் வைத்தாள். அங்கே ஒரு குங்குமப் பொட்டு இருந்தது.

"வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அந்தக் குவியலுக்குள்ள கைய விட்டு, ஒன்னொன்னா எடுத்துத் தொடச்சி, சந்தனம் குங்குமம் வைக்கிறது யாரு? நான்தான். மொத்தம் நாப்பத்தோரு சாமான். மூணு வருஷமா இது இல்லாம நாப்பதுக்குத்தான் பொட்டு வச்சேன். மொத வருஷமே உங்ககிட்ட கேட்டேன். எங்கயாச்சும் கெடக்கும்லான்னு சொல்லிட்டீங்க. இந்தக் கோடுகூட ஞாபகத்துல வரைஞ்சதுதான்."

 சொன்னது அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"குப்பையா கெடந்தப்ப அது இல்லங்கறதே உங்க யாருக்கும் தெரியல. சுத்தம் பண்ணதும் நான் திருடியாயிட்டேன்..."

வேனுக்குப் பக்கத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த மங்களத்தின் கணவர் மாயாண்டி சத்தம் கேட்டு உள்ளே வந்தார். அந்த நீளக் கோட்டைப் பார்த்தார். திரும்பி வேனுக்குப் போனார். வேனின் பின்கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. வரும்போது கையில் ஸ்பானா இருந்தது.

"டயர் நட்டு இறுகிப்போச்சின்னு ஒரு தடவ எடுத்தேன் மச்சான். நீ வீட்ல இல்ல, பொறவு சொல்லிக்கலாம்னு... அப்படியே மறந்துட்டேன். மன்னிச்சிரு தங்கச்சி."

மங்களம் தலை நிமிரவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "என் வாயில சனி புகுந்திருச்சு புனிதா..."

"விடுங்க அண்ணி. பொருள் வந்திருச்சில்ல," என்று அவள் தோளை அணைத்துக்கொண்டாள் புனிதா. பிறகு ஸ்பானாவை நன்றாகத் துடைத்து, மூன்று வருடத்துக்கும் சேர்த்து மூன்று பொட்டு வைத்து ஆணியில் மாட்டினாள்.

சன்னாசி வேலை மேசை முன்னால் முக்காலியில் உட்கார்ந்தார். யார் முகத்தையும் பார்க்கச் சங்கடமாக இருந்தது. பாதியில் நின்ற ஒரு பம்பைத் தன்பக்கம் இழுத்து, கட்டில்லாத இடது கையை நீட்டினார். திருப்புளி கைக்கே வந்தது. மறுபடி நீட்டினார். குறடு. எண்ணெய்க் குப்பி. எல்லாமே இடது பக்கம், உட்கார்ந்தபடியே எட்டுகிற உயரத்தில்.

அவர் குப்பியைக் கீழே வைத்தார்.

"எனக்காகவா புள்ள... இத்தனையும்?"

"மூணு மாசம் வலது கைய அசைக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே. மெஷின் கொடுத்தவங்க அதுவரைக்கும் காத்துக்கிட்டா இருப்பாங்க?"

கண்ணைத் துடைத்துக்கொண்டபோதுதான் அவருக்குத் தன் வலது பக்கம் இன்னொரு முக்காலி இருப்பது தெரிந்தது. புதிதாகப் பலகை அடித்தது.

"இது எதுக்கு?"

புனிதா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அதில் உட்கார்ந்தாள். பம்பை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்தாள்.

"வலது கைக்கு," என்றாள். "ம்... திருப்புங்க."