பத்தாவது குச்சி

படப்பிடிப்புக்காக நாங்கள் போய் இறங்கியபோது காலை ஒன்பது மணி. ஓர் இசை ஆசிரியைக்கும் அவருடைய கெட்டிக்கார மாணவிக்கும் இடையில் நடக்கிற கதை அந்தப் படம். அதற்காக, பல வருடங்களாகப் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். கதவைத் திறந்ததும் ஈர மரமும் அந்துருண்டையும் கலந்த வாடை. கூடத்தில் பழைய பியானோ. பக்கத்தில் ஒரு நாற்காலி, வாசலைப் பார்த்தபடி.

என் வேலை கன்டினியூட்டி. ஒரு ஷாட்டில் இடக்கையில் இருந்த கைக்குட்டை அடுத்த ஷாட்டில் வலக்கைக்குத் தாவிவிடாமல் பார்த்துக்கொள்வது. எடுத்தவுடன் படம் வெளியே வருகிற கேமரா ஒன்று கழுத்தில் தொங்கும். படங்களை நோட்டில் ஒட்டிவைப்பேன்.

ஆசிரியையாக நடித்தவருக்கு வாசிக்கத் தெரியாது. அவர் கைகளுக்குப் பதிலாக வேறொரு பெண்ணின் கைகள். ஐம்பதைத் தாண்டியவர். ஒண்டியாக வந்தார். செட்டில் எல்லோருக்கும் அவர் ‘கையக்கா’.

“முகம் காட்ட ஆசையில்லையாக்கா?”

“வீட்டுலயே என் முகத்தப் பார்க்க ஆளில்ல. கேமராவுக்கு என்ன தலையெழுத்து?”

பியானோ மேல் இடப்பக்கமாகப் பத்துத் தீக்குச்சிகளை அடுக்கினார். காட்சிக்கு அந்த யோசனையைக் கொடுத்தவரே அவர்தான்.

“எங்க டீச்சர் இப்படித்தான் சொல்லித்தருவாங்க. தப்பில்லாம ஒரு தடவ வாசிச்சா ஒரு குச்சி வலப்பக்கம் போகும். ஒரு தப்பு விட்டா எல்லாம் பழைய இடத்துக்கு. பத்தும் போனாத்தான் வீட்டுக்குப் போகலாம்.”

படம் எடுத்துக்கொண்டேன். வெளிச்சம் சரிசெய்யும்வரை வெளியே நின்றோம். திரும்பி வந்தால் ஒன்பது குச்சி வலப்பக்கம்.

“யாருப்பா இதத் தொட்டது? கை சும்மா இருக்காதா?”

“நான் ஏணிய விட்டே இறங்கலம்மா,” என்றார் லைட்மேன்.

மறுபடி அடுக்கினேன். நோட்டில் எழுதிவிட்டு நிமிர்ந்தேன்.

ஒன்பது.

கையக்காவும் பார்த்துவிட்டார். என்னைச் சமையலறைக்கு இழுத்துப்போனார்.

“இது அவங்க வீடுதான். யார்கிட்டயும் சொல்லல,” குரல் கிசுகிசுத்தது. “அன்னைக்கு எனக்குப் பதினாறு வயசு. ஒன்பது குச்சி போயாச்சு. பத்தாவதும் சுத்தமா வாசிச்சேன். ‘தப்பு’ன்னு சொல்லி எல்லாத்தையும் இடப்பக்கம் தள்ளிட்டாங்க. ‘பொய் சொல்றீங்க டீச்சர்’னு எழுந்து போனவதான்.”

“அப்புறம்?”

“வரவே இல்ல. அவங்க செத்ததுக்குக்கூட.”

“பேசாம இன்னைக்கு வாசிக்க வேணாம்க்கா.”

“வாசிக்கணும். அந்தக் குச்சி நகரணும். ஒரு தடவ ‘சரி’ன்னு சொல்லட்டும். அதுக்குத்தான் இந்த வேலைக்கே வந்தேன்.”

ஒன்பது குச்சியும் வலப்பக்கம் இருந்தபடியே கேமரா ஓடியது. சுருக்கம் விழுந்த அந்த விரல்கள் ஓரிடத்தில்கூடத் தடுக்கவில்லை.

“கட்! பிரமாதம்!” என்றார் இயக்குநர்.

நான் குச்சிகளைப் பார்த்தேன்.

பத்தும் இடப்பக்கம்.

காலையில் வாசலைப் பார்த்திருந்த நாற்காலி இப்போது பியானோவைப் பார்த்திருந்தது.

கையக்கா அழுவார் என்று நினைத்தேன். அவர் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பத்தும் போயிட்டா நான் வீட்டுக்குப் போயிடுவேன். அதானே டீச்சர்?” என்றார், மெல்ல. “அப்பப் புரியல.”

சாயங்காலம் வேனில் சாமான் ஏற்றினார்கள். மறுநாள் காட்சிக்காகக் குச்சிகளைக் கடைசியாக ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

“நீங்க போங்க. நான் கொஞ்சம் இருந்துட்டு வரேன்,” என்றார் கையக்கா.

“தனியாவா?”

“தனியா இருக்கத்தான் என் வீடு இருக்கே.”

வேன் திரும்புகையில் பியானோ கேட்டது. ஓரிடத்தில் நின்றது. முதலிலிருந்து தொடங்கியது.

காலையில் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. உடைத்துத்தான் போனோம். வாசலில் செருப்பு, கொக்கியில் கைப்பை. ஆளில்லை. போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. அவரைக் கேட்டு ஒருவரும் வரவில்லை. மீதிப் படம் வேறு கைகளை வைத்து முடிந்தது.

நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அந்தக் கடைசிப் படமும். எடுத்தபோது பத்துக் குச்சியும் இடப்பக்கம்தான் இருந்தன. கீழே என் கையெழுத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

நேற்று பிரித்தபோது வலப்பக்கம் ஆறு.

இன்று காலை ஒன்பது.

சற்றுமுன் மறுபடி பிரித்தேன்.

பத்தும் இடப்பக்கம்.