வரிசையில் கடைசி போன்

சுவருக்கு அந்தப் பக்கம் சொன்ன ஜெபம் இந்தப் பக்கம் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது.

சாரிபெல் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிலிப்பைன்ஸில், இலோயிலோ நகரத்தின் ஓரத்தில், ஒரே சுவரை இரண்டிரண்டு வீடுகள் பங்கு போட்டுக்கொள்ளும் குடியிருப்பு அது. ஒரு வீட்டில் வெங்காயம் வதக்கினால் அடுத்த வீட்டில் கண் எரியும். துக்க வீட்டு ஜெபம் கேட்பதில் என்ன அதிசயம்? ஆனால் மழை வருகிறதா என்று ஜன்னல் திரையை விலக்கியபோது, பக்கத்து வீட்டு வாசலில் தார்ப்பாய்க்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் வாயை மூடியிருந்தார்கள். ஒருத்தி பிஸ்கட்டைக் காபியில் நனைத்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகுதான் சுவர் வழியாக, பத்துப் பன்னிரண்டு குரல்கள் சேர்ந்து, 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்றன.

எதிரொலியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். சொல்லிவிட்டு, சுவரோடு ஒட்டிய அலமாரியில் பச்சை விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டிருந்த ரவுட்டரைப் பார்த்தாள். பார்த்திருக்க வேண்டாம்.

அந்த ரவுட்டரை வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. மாலை நேரங்களில் ஜப்பான்காரர்களுக்கு ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுப்பது அவள் வேலை. புருஷன் கப்பலில் இருந்தான், எப்போதாவதுதான் கூப்பிடுவான். வகுப்பு நடுவில் குரல் அறுந்து அறுந்து போகிறது, படம் நின்றுவிடுகிறது என்று புகார் மேல் புகார் வந்தது. இன்னொன்று வந்தால் உன் நேரத்தை வேறொருத்திக்குக் கொடுத்துவிடுவோம் என்றது கம்பெனி. இணைப்போடு இலவசமாக வந்த பழைய பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு நல்லதாக ஒன்று வாங்கக் கடைக்குப் போனாள்.

"உங்களுக்கு வேகம் குறைச்சல் இல்ல மேடம், கூட்டம்தான் அதிகம்," என்றான் கடைக்காரன். "ஒருத்தர் வீடியோ பேச ஆரம்பிச்சா மத்தவங்களது எல்லாம் பின்னாடி நிக்குது. இந்த ரவுட்டர்ல யாரை முன்னாடி விடணும்னு நீங்களே சொல்லிக்கலாம்."

"அப்ப யாரையாவது பின்னாடி தள்ளணுமா?"

"ஒருத்தரை முன்னாடி விட்டா ஒருத்தர் பின்னாடி நிக்கத்தானே வேணும்!" என்று சிரித்தான்.

ரவுட்டரைப் பிரிட்ஜ் பக்கத்திலிருந்து நகர்த்தி வைத்தாள். லேப்டாப்புக்கு ஒயர் இழுத்தாள். டிவியின் வை-ஃபையை வேறு அலைவரிசைக்கு மாற்றினாள். அப்படியும் தடங்கல் போகவில்லை. ஏன் போகவில்லை என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். அவள் வகுப்பு தொடங்கும் அதே நேரத்தில்தான் குவைத்தில் நெனிட்டாவுக்குச் சாப்பாட்டு இடைவேளை. நெனிட்டா தன் அம்மாவோடு முகம் பார்த்துப் பேசுவாள். அந்த அம்மா, சுவருக்கு அந்தப் பக்கத்து மனாங் புரிங், அதாவது புரிங் அக்கா, சாரிபெல்லின் நெட்டில்தான் பேசிக்கொண்டிருந்தாள். ரீசார்ஜ் செய்யாத போன். வை-ஃபை இருந்தால்தான் அது போன்.

சாரிபெல் போனில் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தாள். தன் லேப்டாப்பை முதலிடத்தில் வைத்தாள். மனாங் புரிங்கின் போனைக் கடைசிக்கு இழுத்தாள். கடைசி இடத்துக்கு ஓர் அளவு கேட்டது. இருப்பதிலேயே சிறிய அளவை, சொட்டுச் சொட்டாக ஒழுகும் அளவை வைத்தாள். ஒரு விரல் இழுப்பு, அவ்வளவுதான். அன்றிலிருந்து வகுப்பு வெண்ணெயாக ஓடியது.

'என் வகுப்பு முடிஞ்சதும் பேசிக்குங்க மனாங்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கிழவி தலையாட்டியிருப்பாள். துவரையும் பலாக்காயும் பன்றிக்கறியும் போட்டுக் குழம்பு வைத்தால் முதல் கிண்ணம் இந்தப் பக்கம்தான் வரும். அந்தக் கையிடம் போய்க் கேட்க வெட்கமாக இருந்தது. கேட்காமல் செய்ய வெட்கமாக இல்லை.

"இண்டாய், பொண்ணே, உன் பக்கம் நெட்டு ஓடுதா?" என்று வேலியோரம் நின்று கேட்டாள் கிழவி. "நெனிட்டா மூஞ்சி பாதியிலயே நின்னுபோகுது. மூக்கு வருது, வாய் வரல."

"எல்லாருக்கும் அப்படித்தான் மனாங். மழை."

"மழைக்கு என் மக மேல என்னடி கோவம்?" என்று சிரித்துக்கொண்டே கிண்ணத்தை நீட்டினாள். சாரிபெல் வாங்கிக்கொண்டாள். நன்றாகச் சாப்பிடவும் செய்தாள்.

போன வாரம் ஒரு காலையில், வெறும் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனவள்தான் முதலில் பார்த்தாள். மனாங் புரிங் சுவரோரம் நாற்காலியில் சாய்ந்திருந்தாள். கை போனைப் பிடித்தபடி விறைத்திருந்தது. திரையில் சாரிபெல்லின் சிரிக்கும் படம். அதன் மேல், அழைப்பு போய்க்கொண்டிருக்கிறது என்று சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டம். முந்தின மாலை, காதில் ஹெட்போனோடு, அவள் ஒருவருக்கு 'உதவி' என்ற சொல்லை உச்சரிக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். சாரிபெல் அந்தப் போனை அணைத்தாள். அதற்குப் பிறகுதான் ஊரைக் கூப்பிட்டாள்.

மகள் வரும்வரை உடலை மருந்தேற்றி வைத்திருந்தார்கள். இன்று நெனிட்டா வந்திருந்தாள். சவப்பெட்டிக்குப் பக்கத்தில், எல்லோர் முன்னாலும் சாரிபெல்லைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"உன் புண்ணியத்துலதான் அம்மா மூஞ்சிய தினம் பார்த்தேன். கடைசியில மட்டும் படம் நின்னு நின்னு வந்துச்சு. குவைத்துல நெட்டு மோசம். அம்மா என்னமோ சொல்ல வந்தா, எனக்குக் கேக்கவே இல்ல."

"இந்தக் காலத்துல யாரு இப்படிச் சும்மா குடுப்பா?" என்றாள் ஒருத்தி. பெட்டியின் கண்ணாடிக்குக் கீழே மனாங் புரிங் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு படுத்திருந்தாள். சாரிபெல்லுக்கு உடம்பெல்லாம் கூசியது. வாயைத் திறந்து உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். நெனிட்டாவின் கண்ணீர் தோளில் சூடாக இறங்கியது. அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

கிளம்பும்போது ஒரு கிழவர் கையைப் பிடித்தார். "நேரா வீட்டுக்குப் போகாதம்மா. முக்கு பேக்கரில கொஞ்சம் நின்னுட்டுப் போ."

துக்க வீட்டிலிருந்து யாரும் நேரே தன் வீட்டுக்குப் போவதில்லை. கூட வருவதை வழியில் எங்காவது உதறிவிட்டுத்தான் போவார்கள். ஆனால் கதவுக்குக் கதவு நாலடி. பேக்கரி தெருக்கோடியில். வகுப்புக்கு நேரமாகிவிட்டது. அதைவிட, இன்னும் ஒருவர் வழியில் நிறுத்திப் பாராட்டினால் தாங்காது. விடுவிடுவென்று நேரே உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

மழை பிடித்தது. தகரக் கூரையில் சடசடவென்று இறங்கிய சத்தத்துக்குள் ஜெபம் அமுங்கி, எழுந்து, மறுபடி அமுங்கியது. மெழுகும் வாடிய பூவும் அதற்கடியில் பிணத்துக்கு ஏற்றும் மருந்தின் காரமான நெடியும் அவள் உடையோடு வந்து, உடையை மாற்றிய பிறகும் போகாமல் அறைக்குள் நின்றன. அவள் லேப்டாப்பைத் திறந்தாள். ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் மொரிகாவா திரையில் தலை தாழ்த்தினார்.

"இன்னிக்கு ரொம்பத் தெளிவா இருக்கு டீச்சர். உங்க பின்னாடி இருக்கிற அம்மாவுக்குத்தான் நெட் சரியில்ல போல."

"எந்த அம்மா?"

"கதவுகிட்ட நிக்கிறாங்களே. விட்டு விட்டு வர்றாங்க."

சாரிபெல் திரும்பினாள். கதவு சாத்தியிருந்தது. செருப்பு, குடை, வேறொன்றுமில்லை. திரையின் மூலையில் அவளுடைய சிறிய படத்திலும் அவளும் கதவும் மட்டும்தான்.

"ஏதோ சொல்றாங்க. வாய் திறக்குது, சத்தம் வரல." மொரிகாவா அவள் தோளுக்குப் பின்னால் பார்த்து மரியாதையாக ஒருமுறை குனிந்தார். "இப்ப பிரிட்ஜ்கிட்ட வந்துட்டாங்க. நடந்து வந்த மாதிரியே தெரியல. அங்க இருந்தாங்க. இப்ப இங்க."

ஹெட்போனைக் கழற்றினாள். சுவர் வழியாக, எங்களு, எங்களு, எங்களு. அதற்கு மேல் வரவில்லை.

மருந்து நெடி நெருங்கியிருந்தது.

போனை எடுத்து ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தாள். கடைசி வரியில் மனாங் புரிங். பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. அவள் தன் கையால் அணைத்த போன்.

அளவு அப்படியே இருந்தது. சொட்டு. செத்தவளுக்குக்கூட அதை எடுத்துவிடவில்லை. அதைப் பார்த்தபோது பயத்தை முந்திக்கொண்டு வெட்கம்தான் வந்தது. யாராவது பார்த்துவிடுவார்கள் என்ற வெட்கமில்லை. பார்க்க வேண்டியவள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்ற வெட்கம். காது நுனிவரை எரிந்தது. மனாங் புரிங்கின் பெயரை மேலே, மேலே, எல்லாவற்றுக்கும் மேலே இழுத்து வைத்தாள்.

வரிசை ஒரு குலுங்கு குலுங்கியது. மேலே இருந்தது தானாகவே அடிவரை இறங்கியது. கடைசி இடத்தில் இப்போது அவள் லேப்டாப். அந்த இடத்துக்கு அவளே வைத்த அளவும் அங்கேயே இருந்தது.

ஜெபம் நின்றது. மழையும் கேட்கவில்லை.

அப்போது சுவரில் தட்டும் சத்தம். தாமதமில்லாமல், அறுபடாமல், காதுக்குப் பக்கத்தில்.

"இண்டாய். நெஞ்சு அடைக்குது. இண்டாய், போன் எடு. நீ அங்கதானே இருக்க? உன் குரல் கேக்குதே. பாடம் சொல்லிக் குடுக்கிறியே. இண்டாய், வாயேன்."

பிறகு மூச்சு. நீளமாக. கடைசிவரை.

"நான்தான் மனாங்," என்றாள் சாரிபெல். "நான்தான் உங்கள நிறுத்தி வெச்சேன். மழை இல்ல. நான்தான்."

முதல் தடவையாகச் சொன்னாள். உரக்கத்தான் சொன்னாள்.

அவள் காதிலேயே அது விழவில்லை.

"டீச்சர்?" மொரிகாவா திரைக்கு அருகே குனிந்தார். "வாய் அசையுது. குரல் வரலையே."

கத்தினாள். சுவரை இரண்டு கையாலும் அறைந்தாள். சத்தமில்லை. அந்தப் பக்கம் ஜெபம் தட்டுத்தடங்கலில்லாமல் தொடங்கியது. நாற்காலி இழுபடுவதும், ஸ்பூன் கோப்பையில் படுவதும், நெனிட்டா மூக்கைச் சிந்துவதும் துல்லியமாகக் கேட்டன. ஒருவரும் ஜெபத்தை நிறுத்தவில்லை.

"பரவாயில்ல டீச்சர். நான் காத்திருக்கேன்," என்று மொரிகாவா கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

திரையின் மூலையில் அவளுடைய சிறிய படம் ஓடிக்கொண்டிருந்தது. படத்தில் அவள் சுவரோரம் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பின்னாலிருந்து மனாங் புரிங் நிதானமாக, ஒரு துளி தடங்கலும் இல்லாமல் குனிந்து, தன் விறைத்த கையை அவள் வாயின் மேல் வைத்து அழுத்தினாள். படத்துச் சாரிபெல்லின் கால்கள் உதைத்தன. பிறகு நின்றன.

படத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. இங்கே அது இன்னும் வந்து சேரவில்லை. சாரிபெல் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்தபடி காத்திருந்தாள்.