நூற்று நாற்பதில் நின்ற கோடு

திரையில் ஓடிக்கொண்டிருந்த வெப்பக் கோடு கொஞ்சம்கூட நடுங்கவில்லை. லிமகாட்சோவுக்கு அதுதான் முதலில் உறுத்தியது. நிஜ உலையில் துடுப்பு கிளறக் கிளற வெப்பம் சற்று ஏறும், சற்று இறங்கும், கோட்டில் சின்னச் சின்னப் பற்கள் விழும். இதுவோ நூற்று நாற்பது பாகையைத் தொட்டதும் அடிக்கோல் வைத்து இழுத்ததுபோல் நேராகப் போய்க்கொண்டிருந்தது.

வால் என்னும் ஆற்றின் கரையில் இருந்த அந்தத் தொழிற்சாலையில் அவளுடைய உலைக்கு இன்றுதான் முதல் ஓட்டம். ஆய்வகத்தில் இரண்டு லிட்டர் குடுவையில் பிசின் காய்ச்சியவள், இருபதாயிரம் லிட்டர் எஃகுப் பாத்திரத்துக்கு வந்து சேர்ந்திருந்தாள். இடைப்பட்ட தூரம் முழுவதையும் கணினியில்தான் கடந்தாள். எவ்வளவு சூடு பிறக்கும், எவ்வளவு வெளியேறும் என்று எட்டு மாதம் சிமுலேஷன் ஓட்டிப் பார்த்தாள். அந்தக் கணக்கை நம்பித்தான் அவளுடைய அண்ணன் மொலேஃபி உலைமேடையில் வேலைக்கு நின்றான்.

கட்டுப்பாட்டு அறையில் குளிர்சாதனம் முனகியது. அதன் காற்றோடு, சர்க்கரை தீய்வதுபோல் ஒரு வாடை வந்து போயிற்று.

"ஐயா, நடு சென்சார் ஏன் இப்படி நேராக் காட்டுது?"

ஷிஃப்ட் தலைவர் ரமொஹாபி மக்வின்யா என்ற எண்ணெய்ப் பணியாரத்தை மென்றுகொண்டே சிரித்தார். "அது காலையிலயே செத்துப்போச்சும்மா. அதான் உன் சிமுலேஷன் சொல்ற நம்பரையே திரையில போட்டுட்டோம். உன் கணக்கை விடவா அந்தக் கம்பி பெருசு?"

பிப்ரவரியில் அந்த சிமுலேஷன் அடிக்கடி பாதியில் நின்றுபோகும், வெப்பம் தாறுமாறாக ஏறி. எப்படியாவது ஓடி முடியட்டும் என்று அவள் ஒரே ஒரு வரி எழுதிச் சேர்த்தாள்: நூற்று நாற்பதுக்கு மேல் எது வந்தாலும் நூற்று நாற்பது என்றே வைத்துக்கொள். பிறகு எடுத்துவிடலாம் என்று நினைத்தாள். எடுக்கவே இல்லை.

அப்படியானால் உள்ளே இப்போது எவ்வளவு?

குளிர்நீரை முழுசாகத் திறந்துவிட்டாள். குடுவையாக இருந்தால் குளிர்ச்சி கண்மூடித் திறப்பதற்குள் நடுவுக்குப் போயிருக்கும். இங்கே சுவர் மட்டும்தான் குளிரும். நடுவயிறு அதுபாட்டுக்குக் கொதிக்கும், பாத்திரம் வெடிக்கும்வரை.

ரேடியோ கரகரத்தது.

"ஏய் படிச்சவளே, உன் பானைக்குள்ள யாரோ தட்டுறாங்கடி. இரு, நீயே கேளு."

கண்ணாடிக்கு அப்பால், ஐம்பதடி தள்ளி, மொலேஃபி தெரிந்தான். திருப்புளியின் நுனியை எஃகில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்திருந்தான். எந்திரத்தின் வயிற்றை அப்படித்தான் கேட்பார்கள். மறுகையில் ரேடியோவை உலைச் சுவரோடு சேர்த்து, பேசும் பொத்தானை அமுக்கியபடியே நின்றான்.

டொக்.

டொக்.

கட்டிபிடித்த பிசின் துடுப்பில் மோதும் சத்தம்.

"அபூட்டி, அண்ணா! ஓடு! கீழே இறங்கி ஓடுடா!"

ரேடியோவில் கத்தியும் குரல் போகவில்லை. அவன் பொத்தானை விடும்வரை அவள் குரல் அவனை எட்டாது.

டொக். டொக். டொக்.

கண்ணாடியை அறைந்தாள். தடித்த கண்ணாடி. கை வலித்தது. ரமொஹாபியின் வாய் மெல்வதை நிறுத்தியிருந்தது. சிவப்புப் பொத்தானை ஓங்கிக் குத்தினாள். அபாயச் சங்கு ஊளையிட்டது.

யாரும் ஓடவில்லை. முற்றத்தில் ஒருவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

புதன்கிழமை. நண்பகல் பன்னிரண்டு. வாராவாரம் சங்கைச் சோதித்துப் பார்க்கும் நேரம்.

மொலேஃபி நிமிர்ந்தான். ஜன்னலில் தங்கையைக் கண்டான். பல்லெல்லாம் தெரியச் சிரித்துக் கட்டைவிரலை உயர்த்தினான். திரும்பவும் குனிந்தான்.

அவன் தலைக்குப் பின்னால், குளிர்நீர் எட்டாத உலைச் சுவரில் பச்சைப் பெயின்ட் கொப்பளித்தது. ஒன்று. பிறகு நாலைந்து.

தட்டல் நின்றது.

மொலேஃபி புருவத்தைச் சுருக்கினான். என்ன ஆயிற்று என்று, காதை இன்னும் அழுத்தி வைத்தான்.