மொரானாவின் ஊதா கோட்

லிப்டின் கதவு மூடப்போய், பாதியில் நின்று, மறுபடி திறந்தது. ஓடிவரும் யாருக்காகவோ காத்திருப்பதுபோல் திறந்தே கிடந்தது. பிறகு தரை ஒருமுறை மெல்லத் தாழ்ந்து கொடுத்தது, ஓர் ஆள் ஏறினால் கொடுக்குமே, அப்படி. கதவு மூடிக்கொண்டது.

கஸ்பர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது. அதற்காகத்தான் நண்டுபோலப் பக்கவாட்டில் நுழைந்து, கையை மட்டும் பின்னால் விட்டுத் தடவி ஒன்பதாம் மாடிப் பொத்தானை அமத்திவிட்டு, வாத்தியார் மூலையில் விட்ட பிள்ளைபோலப் பின்சுவரைப் பார்த்தபடி நின்றான். புலம்பெயர்ந்து வந்து வோபர்னில் புடவைக்கடை வைத்து, வாங்க வராதவர்களுக்கும் சேலை விற்றவன், இப்போது சுவரோடு நிற்கிறான். நினைத்துச் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. ஈர வைக்கோல் கருகிய நாற்றம்தான் வந்தது. அது தன் உடுப்பில் ஒட்டிய நாற்றம் என்று தனக்கே சொல்லிக்கொண்டான்.

எல்லாம் யாரோமீரால் வந்த வினை. கடைக்குக் கீழே பேஸ்மென்றில் வாடகைக்கு இருந்த நாட்டுப்பாடகன் அவன். கைப்பிடியைச் சுற்றினால் வண்டுக் கூட்டம்போல் இரையும் லீரா என்ற மரப்பெட்டியை வாசிப்பான், கசெற் போட்டு விற்பான். அதோடு, தன் ஸ்லாவிய முன்னோர் ஞானஸ்நானம் வாங்குவதற்கு முன் கும்பிட்ட தெய்வங்களை மறுபடி கும்பிட ஒரு கூட்டமும் சேர்த்திருந்தான். எங்களைக் கிறிஸ்தவ வேதத்துக்கு எடுக்கப் போர்த்துக்கேயன் கப்பலேறி வந்து பாடுபட்டான், நீ என்னடாவென்றால் வந்த வழியே திரும்பி நடக்கிறாய் என்று கஸ்பர் அவனைப் பகிடி பண்ணுவான்.

பகிடி எல்லாம் மார்ச் மாதம்வரைதான். தொண்ணூற்று நான்காம் ஆண்டு அது. முந்திய வருஷ மாரிக்குளிரில் மனைவி அன்ரனெற்றின் வயிற்றிலிருந்த பிள்ளை தங்கவில்லை. இப்போது மறுபடி ஏழு மாதம். வீட்டில் இருவருமே தொட்டிலைப் பற்றிப் பேச்செடுப்பதில்லை. அதை அறிந்துதான் யாரோமீர் அவளுடைய உடுப்பு ஒன்றைக் கேட்டான். மொரானா என்று ஒருத்தி, குளிரும் சாவும் அவள்தான். வைக்கோலால் அவளைச் செய்து, சாவு நுழைந்த வீட்டின் உடுப்பைப் போட்டு, கொளுத்தி, ஆற்றில் விட்டால், அந்த வீட்டுச் சாவும் அவளோடு போய்விடுமாம். எறிந்த பிறகு யாரும் வாய் திறக்கக் கூடாது. வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தும்வரை திரும்பிப் பார்க்கவும் கூடாது.

பிள்ளையை இழந்த அன்று அன்ரனெற் போட்டிருந்த ஊதா கோட் கடையில்தான் கிடந்தது. எறியச் சொல்லியிருந்தாள். நல்ல துணியை எறிய அவனுக்கு மனம் வரவில்லை. பிள்ளை தங்குமென்றால், தான் கும்பிடாத தெய்வத்தோடும் பேரம் பேசிப் பார்ப்பதில் என்ன நட்டம்? கோட்டைக் கொடுத்தான். இன்று பின்னேரம், கடைக்குப் போவதாக அன்ரனெற்றிடம் சொல்லிவிட்டு யாரோமீரின் கூட்டத்தோடு போனான்.

ஹைலண்ட் கிறீக் ஆற்றில் பனிக்கட்டி உடைந்து நீர் கறுப்பாக ஓடியது. லீரா இரைந்தது. கோட்டின் ஒரு கை சுருண்டு எரிய, மொரானா நீரில் விழுந்து, முகம் மேலே தெரிய ஒருமுறை சுழன்று, அமிழ்ந்தாள். அப்போதுதான் கஸ்பரின் வாய் திறந்தது. வந்த சனத்தை எல்லாம் கடைவாசல்வரை வந்து வழியனுப்பிப் பழகிய வாய்.

"போட்டு வாங்கோ," என்றது. மரியாதையாகவே.

லீரா நின்றது. யாரோமீருக்கு அது விளங்கும். கடைக்குள்ளால் வெளியே போகும் போதெல்லாம் 'போட்டு வாறன்', அதாவது போய்விட்டு வருகிறேன், என்று சொல்லப் பழக்கியதே கஸ்பர்தான். போகிறேன் என்று சொன்னால் திரும்பாத பயணமாகிவிடும், போகிறவர் திரும்பி வரவேண்டும் என்றுதான் இப்படிச் சொல்வது என்று விளக்கமும் கொடுத்திருந்தான். யாரோமீரின் முகம் வெளிறியது. ஏதோ சொல்ல வந்த உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டு, பெட்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தான். கூட்டமும் நடந்தது. ஒருவரும் திரும்பவில்லை.

கஸ்பர் கடைசி ஆள். ஆனாலும் அவனுக்குப் பின்னால் ஒரு சத்தம் வந்தது. சளக். சளக். சிக்னலில் அவன் நின்றான். அதுவும் நின்றது.

லிப்ட் திறந்தது. பின்பக்கமாகவே வெளியேறித் தன் கதவை நோக்கி நடந்தான். கம்பளம் பாதச் சத்தத்தை விழுங்கியது. சொட்டும் சத்தத்தை விழுங்கவில்லை. பூட்டில் நுழைக்கப்போன திறப்பு கைநழுவி விழுந்தது. குனிந்தால் கால்களுக்கிடையே தெரிந்துவிடும். குனியவில்லை. கதவைத் தட்டினான். உள்ளே போய்ச் சாத்தினால் போதும். சாத்தினால் போதும்.

அன்ரனெற் திறந்தாள். ஒரு கை வயிற்றில். கண்கள் அவனைத் தாண்டிப் போயின.

"என்னப்பா, ஆளைக் கூட்டிக்கொண்டு வாறன் எண்டு ஒரு போன் அடிச்சிருக்கலாமே."

அவன் இல்லை என்று தலையை ஆட்டினான். இனியும் வாய் திறக்கக் கூடாது. அவள் மங்கல் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கி, வீட்டுக்கு வந்தவர்களைப் பார்த்துச் சிரிக்கும் அந்தச் சிரிப்பைச் சிரித்தாள்.

"நல்லா நனைஞ்செல்லோ போனியள். கோட்டும் என்ர பழையதைப் போலக் கிடக்கு." கதவை அகலத் திறந்து ஒதுங்கினாள். "உள்ள வாங்கோ."

ஈரத் துணி அவன் கையை உரசிக்கொண்டு போனது. ஊதா. கருகிய ஒரு கை. கதவு தானாக மூடத் தொடங்கியது. அவன் வெளியில். ஒடுங்கிவரும் இடைவெளியில் அன்ரனெற்றின் சிரிப்பு மட்டும் அசையாமல் நின்றது. அதன் கீழே வைக்கோல் விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்து, நீர் சொட்ட, அவள் வயிற்றின்மேல் மெல்லப் படிந்தன.

கதவு சாத்திக்கொண்டது.