திரைக்குள் வந்த கறுப்புக் கை

காலை பதினொன்றே முக்கால். சிகிச்சை நாற்காலியிலிருந்து எழுந்து வாய் கொப்பளித்த ஃப்ளோரன்ஸ் டீச்சர் பழக்கத்தில் காதைத் தடவிப் பார்த்தார். பிறகு கதவோரத்து அலமாரியைப் பார்த்தார். எக்ஸ்ரே எடுப்பதற்காகக் கழற்றி வைத்த வைரத் தோடு அங்கே இல்லை. எவர்சில்வர் தட்டு மட்டும் காலியாக இருந்தது.

ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்தப் பல் மருத்துவமனை. எஸ்.ஐ. ஜொவிட்டாவும் ஏட்டு வெள்ளைச்சாமியும் படியேறி வந்தபோது, அங்கே தீர்ப்பே சொல்லி முடித்திருந்தார்கள். வரவேற்பு மேசையில் வேலை பார்க்கும் புஷ்ரா சுவரோரம் நின்றிருந்தாள். இருபத்திரண்டு வயதிருக்கும். அழுது ஓய்ந்த முகம். மேலே கறுப்பு அபாயா, அதன் கைகளில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சிவப்பு நூலில் ரோஜாப் பூக்கள்.

"இவதான் மேடம். நானே என் கண்ணால பார்த்தேன்" என்றார் ஃப்ளோரன்ஸ். சாந்தோமில் முப்பது வருஷம் கணக்குப் பாடம் எடுத்தவர். சொன்னால் மறுபேச்சு கிடையாது என்கிற குரல்.

"முகத்தைப் பார்த்தீங்களா டீச்சர்?"

"முகம் தெரியலை. அந்தத் திரைச்சீலையை ஒதுக்கிட்டு ஒரு கை மட்டும் உள்ள வந்துச்சு. கறுப்பு முழுக்கை. மஞ்சளா ஒரு கவரைப் பிடிச்சிருந்துச்சு. அலமாரிப் பக்கம் போயிட்டு உடனே வெளிய போயிடுச்சு."

"சத்தம் போடலையே?"

"எங்க போடறது? வாயைப் பிளந்து கிளிப் மாட்டி வெச்சிருந்தாங்க. இங்க வேலை செய்யற பொண்ணு ஏதோ எடுக்க வந்திருக்குன்னுதான் அப்ப நெனச்சேன். தோடு காணோம்னதும்தான் புரிஞ்சுது."

"கையில வளையல், மோதிரம், ஏதாச்சும் பூ வேலை?"

"ஒண்ணுமில்லை. வெறும் கறுப்பு."

ஜொவிட்டா புஷ்ராவின் கைகளைப் பார்த்தாள். "இவ்வளவு பெரிய ரோஜா உங்களுக்குத் தெரியலையா?"

பதில் டாக்டர் ராஜரத்தினத்திடமிருந்து வந்தது. "வெளிச்சம் கம்மி மேடம். டீச்சருக்கு முன்பல்லுல இடைவெளி, ஒரு பல்லோட முனையும் உடைஞ்சிருக்கு. ஊசி போடாம, பல்லை அராவாம, பல் நிறத்துலேயே காம்போசிட்டுன்னு ஒரு பசை வெச்சு அடைக்கிறோம். ஒவ்வொரு படலமா வெச்சு நீல லைட் அடிச்சா கல்லு மாதிரி இறுகிடும். தலைக்கு மேல இருக்கிற பெரிய லைட் எரிஞ்சுதுன்னா, நான் வடிவம் கொடுக்கறதுக்கு முன்னாடியே அது இறுக ஆரம்பிச்சிடும். அதனால அணைச்சிட்டேன். ட்யூப்லைட் ஒண்ணுதான் எரிஞ்சுது."

"நீங்க நிமிர்ந்தே பார்க்கலையா?"

"நானும் நர்ஸ் டெல்பினும் பல்லு மேலேயே குனிஞ்சிருந்தோம். கொஞ்சம் கவனம் தப்புனாலும் வேலை கெட்டுடும்."

வரவேற்பறைக் கேமரா வாசலை மட்டுமே பார்த்தது. அந்த நேரத்தில் உள்ளே இருந்தவர்கள் டாக்டர், டெல்பின், டீச்சர், புஷ்ரா, டீச்சரின் கணவர் ஹென்றி. அது போக, பல் பொருள்கள் விற்கும் கம்பெனியின் பிரதிநிதி கிரீஷ் வந்து சற்று நேரத்தில் போயிருந்தான். ஹென்றி அரைக்கைச் சட்டை போட்டிருந்தார்.

"நீங்க எதுவும் பார்த்தீங்களா சார்?"

"நான் தூங்கலை மேடம். கண்ணை மூடிக்கினு இருந்தேன், அவ்ளோதான்."

"குறட்டை உள்ள வரைக்கும் கேட்டுச்சு" என்றார் ஃப்ளோரன்ஸ்.

புஷ்ராவைப் பின்னறைக்கு அழைத்துப்போய் ஜொவிட்டாவே சோதித்தாள். கைப்பையில் டிபன் டப்பா, போன், சீப்பு. மருத்துவமனை முழுக்கத் தேடியும் தோடும் கிடைக்கவில்லை, மஞ்சள் கவரும் கிடைக்கவில்லை.

"நான் எடுக்கலை மேடம்" என்றாள் புஷ்ரா. "இதே ரூம்லதான் கருவிங்களைக் கழுவி ஸ்டெரிலைஸ் பண்ண வெச்சிக்கினு இருந்தேன். ரெண்டு வருஷமா இங்க இருக்கேன். டாக்டர் நாளைலேர்ந்து வராதேன்னு சொல்லிட்டார். ஒரு வார்த்தை கேக்கலை. கீழ அத்தா வந்து உக்காந்திருக்கார், அவர் மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

ஜொவிட்டாவுக்கு அந்தப் பெண்ணை நம்பத் தோன்றியது. ஆனால் தோன்றியதை வைத்துக் கேஸ் எழுத முடியாது. அந்தத் தோடு ஞாயிற்றுக்கிழமை மகள் நிச்சயதார்த்தத்தில் போட வேண்டியது. இன்றைக்குத்தான் லஸ்ஸில் பேங்க் லாக்கரிலிருந்து எடுத்திருந்தார்கள். பார்த்தேன் என்று சொல்லும் சாட்சி நேர்மையானவர். கறுப்பு உடை போட்டவள் ஒரே ஒருத்தி. எல்லாம் ஒத்துப்போயிற்று, அந்த ரோஜாக்களையும் மஞ்சள் கவரையும் தவிர.

மறுபடி சிகிச்சை அறைக்குள் போனாள். அலமாரிக்குக் கீழே மூன்று குப்பைத் தொட்டிகள் வரிசையாக இருந்தன. மஞ்சள், சிவப்பு, நீலம். மருத்துவக் கழிவைப் பிரித்துப் போடுவதற்கு. அலமாரி மேல் காலித் தட்டும், பக்கத்தில் கம்பெனிப் பெயர் போட்ட ஒரு வெள்ளைக் கவரும்.

"இது?"

"கிரீஷ் கொண்டாந்த சாம்பிள். புதுசா வந்த காம்போசிட்" என்றார் டாக்டர். "புஷ்ரா வெச்சிருப்பா."

"நான் வெக்கலை சார்" என்றாள் வாசலில் நின்ற புஷ்ரா. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கிரீஷைப் போனில் வரவழைத்தார்கள். வடபழனியில் வேறொரு டாக்டரைப் பார்த்துவிட்டு நேராக வந்தான். இங்க் நீலத்தில் கம்பெனிச் சட்டை, முழுக்கை, தோளில் தடித்த பை. பதற்றம் எதுவும் இல்லை.

"உள்ள போனீங்களா?"

"இல்லை மேடம். கவரை புஷ்ராகிட்ட குடுத்துட்டுக் கெளம்பிட்டேன்."

"அவங்க சீட்ல இருந்தாங்களா?"

"இருந்தாங்க. வாங்கிக்கினு நேரா டாக்டர் ரூம் பக்கம் போனாங்க."

"இன்னா பொய் சொல்றே!" புஷ்ராவின் குரல் உடைந்தது. "நான் உன்னைப் பார்க்கவே இல்லை."

கிரீஷ் உதட்டைப் பிதுக்கினான். வெள்ளைச்சாமி ஜொவிட்டாவின் அருகே வந்து, "மேடம், ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கினு போயிடலாமா?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

"இருங்க ஏட்டு. அந்த நாற்காலியிலேர்ந்து என்னதான் தெரியுதுன்னு பார்த்துடறேன். டாக்டர், அப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே எல்லாத்தையும் வைங்க."

பெரிய விளக்கு அணைந்தது. நாற்காலி பாதி சாய்ந்தது. டெல்பின் தினமும் செய்கிற வேலையை யோசிக்காமல் செய்தாள். நீல வெளிச்சம் கண்ணில் படாமலிருக்க நோயாளிகளுக்குக் கொடுக்கும் ஆரஞ்சு நிறக் கண்ணாடியை ஜொவிட்டாவுக்கு மாட்டிவிட்டாள்.

"இது டீச்சருக்கும் போட்டீங்களா?"

"ஆமா மேடம். முடியற வரைக்கும் கழட்டவே மாட்டோம்."

ஜொவிட்டா கதவுப் பக்கம் பார்த்தாள். பார்வை தாழ்ந்து குப்பைத் தொட்டிகளில் நின்றது. கண்ணாடியைக் கழற்றினாள். மறுபடி மாட்டினாள். பிறகு எழுந்து, "டீச்சர், நீங்க உக்காருங்க" என்றாள்.

ஃப்ளோரன்ஸ் கண்ணாடியோடு சாய்ந்தார். ஜொவிட்டா வெளியே போனாள். திரைச்சீலை விலகி ஒரு கை வந்தது, அலமாரியைத் தொட்டது, போனது.

"என்ன பார்த்தீங்க?"

"பூப்போட்ட கை. ரோஜா. நெருப்பு மாதிரி பளிச்சுனு…" டீச்சர் பேச்சை நிறுத்தினார். "இது அந்தக் கை இல்லை."

மறுபடி திரைச்சீலை விலகியது. இந்தக் கை வருவதற்குச் சற்று நேரமாயிற்று. விரல்கள் கவரை இறுக்கிப் பிடித்திருந்தன.

"இதான்! இதே கறுப்புக் கை! இதே மஞ்சள் கவர்!"

"கண்ணாடியைக் கழட்டுங்க டீச்சர்."

கழற்றினார். எதிரே நீட்டியிருந்தது இங்க் நீலச் சட்டைக் கை. அதில் வெள்ளைக் கவர். கையின் மறுமுனையில் கிரீஷ், அவன் தோளில் வெள்ளைச்சாமியின் கை.

"இந்தக் கண்ணாடி இருக்கறதே நீலத்தைத் தடுக்கறதுக்குத்தான்" என்றாள் ஜொவிட்டா. "இது வழியாப் பார்த்தா நீலம் கறுப்பாயிடுது. வெள்ளை மஞ்சளாயிடுது. இந்தத் தொட்டிங்களைப் பார்த்தப்பதான் எனக்கே தெரிஞ்சுது. நீலத் தொட்டி கறுப்பா நிக்குது. ஆனா சிவப்பு மங்கவே இல்லை, இன்னும் எடுப்பாத் தெரியுது. புஷ்ரா கையா இருந்தா டீச்சர் மொதல்ல ரோஜாவைத்தான் பார்த்திருப்பாங்க. டீச்சர் பொய் சொல்லலை, பார்த்ததைத்தான் சொன்னாங்க. கண்ணுல என்ன மாட்டியிருந்துச்சுன்னு நாம யாரும் கேக்கலை. நாம தேடின மஞ்சள் கவர் இதுதான், தட்டுக்குப் பக்கத்துலேயே கெடந்துச்சு."

"மேடம், நிறத்தை வெச்சு மட்டும்…" என்று ஆரம்பித்தான் கிரீஷ்.

"கவரை புஷ்ராகிட்ட குடுத்தேன்னு சொன்னீங்க. கவரைப் பிடிச்ச கையில ரோஜா இல்லை. அப்ப உள்ள வந்த கை யாரோடது? ஏட்டு, பையைத் திறங்க."

பையில் விளம்பரத் தாள்கள், பசைக் குழாய்கள், பல் நிறம் பொருத்திப் பார்க்கும் மாதிரிப் பற்கள் அடுக்கிய ஒரு நீளப் பெட்டி. அந்தப் பற்களின் வரிசையைத் தூக்கினார் வெள்ளைச்சாமி. அடியில் பஞ்சுக்குள் தோடு இரண்டும் இருந்தன.

கிரீஷ் நாற்காலியின் கால்மாட்டில் உட்கார்ந்துவிட்டான். "சாம்பிளை வெச்சிட்டு வரத்தான் கையை விட்டேன் மேடம். தட்டுல மின்னிச்சு. யோசிக்கவே இல்லை."

"எடுத்தப்ப யோசிக்கலை, சரி. இந்தப் பொண்ணு மேல போட்டப்ப?"

வெள்ளைச்சாமி அவனை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார்.

டாக்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "புஷ்ரா, நாளைக்கு வழக்கம்போல வந்துடும்மா." அவள் மேசையில் தன் பொருள்களைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள்.

தோட்டை ஹென்றியின் கையில் கொடுத்துவிட்டு ஃப்ளோரன்ஸ் டீச்சர் விறுவிறுவென்று படியிறங்கினார். ஜொவிட்டா பின்னாலேயே போனாள். மருந்துக்கடை வாசலில், முழங்காலில் கைகளை ஊன்றியபடி புஷ்ராவின் அத்தா ஷாஹுல் ஹமீது உட்கார்ந்திருந்தார். மந்தைவெளியில் தையல் கடை வைத்திருப்பவர். போலீஸ் உடுப்பைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"பாய், உங்க பொண்ணு எடுக்கலை. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றார் ஃப்ளோரன்ஸ். மூச்சு வாங்கியது. "எல்லார் முன்னாடியும் திருடின்னுட்டேன். என்னை மன்னிச்சிடுங்க."

ஷாஹுல் ஹமீது சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இதை அதுகிட்ட சொல்லிட்டீங்களாம்மா?"

ஃப்ளோரன்ஸ் மாடியை அண்ணாந்து பார்த்தார். "இன்னும் இல்லை."

"என்னை யாரும் திருடின்னு சொல்லலையே. அதுகிட்டப் போய்ச் சொல்லுங்க. எல்லாரும் இருக்கும்போதே சொல்லுங்க."

டீச்சர் தலையாட்டினார். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு திரும்பவும் படியேறத் தொடங்கினார். அவர் மேலே போய்ச் சேரும்வரை ஜொவிட்டா ஜீப்பை எடுக்கச் சொல்லவில்லை.