எலிக்கு வந்த குப்பி

யதுர்ஷிகாவின் தலையில் எலி வாடை அடித்தது. விமலேஸ்வரி மகளின் முடிக்குள் மூக்கைப் புதைத்து மறுபடியும் முகர்ந்து பார்த்தாள். காலையில்தான் மிச்சமிருந்த சவர்க்காரத் துண்டைத் தேய்த்து முழுக வார்த்திருந்தாள். பாயை முகர்ந்தாள், சட்டையை முகர்ந்தாள், அங்கே இல்லை. மூத்திரமும் ஈரத் தவிடும் கலந்த அந்த வாடை பிள்ளையின் தோலில் இருந்துதான் வந்தது.

"எங்கை பிள்ளை விளையாடினனீ?"

 நாலு வயது, ஓயாமல் அலம்புகிற வாய், ஒரு கிழமையாக மூடிக் கிடந்தது. யதுர்ஷிகா சுவர்ப்பக்கம் திரும்பி முழங்காலை நெஞ்சோடு சேர்த்துச் சுருண்டுகொண்டாள். கிடுகுக் கூரைக்குள் ஏதோ பிறாண்டியது.

விமலேஸ்வரிக்குப் பயத்துக்கு முன் கோபம்தான் வந்தது. தொண்ணூற்றேழாம் ஆண்டு அவளுக்கு எதைக் கண்டாலும் கோபம். சண்டையால் கிளிநொச்சியில் இருந்து இடம்பெயர்ந்து, ஸ்கந்தபுரத்தில் ஒரு நெல்லுக் களஞ்சியத்துக்குள் ஒண்டியிருந்த ஆஸ்பத்திரியில், வெயிலைக் கண்ணாடியால் பிடித்து நுணுக்குக்காட்டிக்குள் விட்டு மலேரியாக் கிருமி தேடுவது அவளுடைய வேலை. தேடிக் கண்டுபிடித்து என்ன பலன்? மண்ணெண்ணெய்க்கு அரசாங்கத் தடை, பற்றரிக்குத் தடை, மருந்துக் குளிசைக்கும் தடை. மலேரியா மருந்து கேட்டு உதவி நிறுவனத்துக்கு எட்டு மாதம் கடிதம் எழுதியதில், போன மாதம் ஒரு பெட்டி வந்தது. சின்னமுத்து அம்மைத் தடுப்பூசிக் குப்பிகள் கொஞ்சம் இருந்தன, கேட்ட மருந்து இல்லை. அடியில் தனியாக இன்னொரு குப்பி.

அதில் ஒட்டியிருந்த சிட்டையை வாசித்தாள். சுண்டெலியின் நோயெதிர்ப்புக் கலங்களை அடையாளம் காட்டும் புரதம், செயற்கையாகப் பெருக்கியது, ஆய்வுகூடப் பாவனைக்கு மட்டும், மனிதருக்கு அல்ல. தன்னுடையது எது, பிறத்தி எது என்று எலியின் உடம்பு பிரித்தறிய உதவும் ஏதோ ஒன்று என்று அவள் விளங்கிக்கொண்டாள். வசதியான எந்த ஊர் ஆய்வுகூடத்துக்கோ போகவேண்டியது பெட்டி மாறி வன்னிக்கு வந்திருந்தது. இங்கே பிள்ளைகள் நடுக்கக் காய்ச்சலில் துடிக்க, எலிக்குச் சாமான் அனுப்பியிருக்கிறார்கள். அவள் சிட்டையை உரித்து ஒரு தாளில் ஒட்டி, நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கீழே எழுதி, அனுப்பியவர்களுக்கே திருப்பி அனுப்பினாள். சிட்டை உரித்த குப்பியை, உள்ளே இருந்த வெள்ளைத் தூளோடு, மண்ணெண்ணெயில் ஓடும் பிறிஜ்ஜுக்குள் வைத்தாள். எதையும் எறிகிற காலமா அது?

போன கிழமை ஆஸ்பத்திரியில் தடுப்பூசி போட்ட நாள் தொடக்கம்தான் பிள்ளை இப்படி என்று இப்போது நினைவு வந்தது. அவளைப் பாயில் விட்டுவிட்டு, வீட்டுக்கு முன்னால் இருந்த களஞ்சியத்துக்கு நடந்தாள். மாரி மூட்டத்தில் மத்தியானமே பொழுதுபட்ட மாதிரி இருந்தது. உள்ளே தாதி ஞானேஸ்வரி ஊசிகளை அவித்துக்கொண்டிருந்தாள்.

"ஞானேஸ், அண்டைக்கு ஊசி போட்டதிலையிருந்து பிள்ளை ஒரு மாதிரிக் கிடக்கிறாள்."

"மாறியிடும் அக்கா." ஞானேஸ்வரி குரலைத் தாழ்த்தினாள். "ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. வரிசையிலை நிண்ட பிள்ளையளோடை மருந்து முடிஞ்சிட்டுது. உங்கடை பிள்ளைக்கெண்டு பின்னுக்குக் கிடந்த ஒண்டை முதலே ஒளிச்சு வைச்சனான்."

"சிட்டை இருந்ததோ?"

"பிறிஜ் ஈரத்திலை எந்தக் குப்பியிலை அக்கா சிட்டை நிக்குது? வெள்ளைத் தூள் எண்டால் சின்னமுத்து ஊசிதானே. தண்ணி விட்டுக் கரைச்சுப் போட்டனான்."

அறைய ஓங்கிய கை பாதியில் நின்றது. சிட்டையை உரித்தது யார்? எட்டு மாதக் கோபமும் திரும்பி வந்து அவள் மேலேயே விழுந்தது. பாவம், இந்தப் பெட்டை நல்லது செய்ததாக நினைத்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள்.

விமலேஸ்வரி மழைக்குள் ஓடினாள். சேறு. வழுக்கல். படலையைத் தள்ளினாள். கூரையில் பிறாண்டல் நின்றிருந்தது.

"யது?"

பாயில் சாம்பல் நிறப் போர்வை கிடந்தது. வீட்டில் சாம்பல் நிறப் போர்வை இல்லை.

அது மூச்சு விட்டது.

சுண்டெலிகள். கழுத்து மடிப்பில். கக்கத்தில். முடிக்குள். கடிக்கவில்லை. பிள்ளையின் கன்னத்தை நக்கித் துடைத்துக்கொண்டிருந்தன.

விளக்குமாற்றை எடுத்து நிலத்தில் ஓங்கி அடித்தாள். ஒன்றுகூட ஓடவில்லை.

பிள்ளைதான் ஓடினாள். கையும் காலும் ஊன்றி, மூலைக்கு. பெட்டகத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கை நுழையாத இடுக்கு. அதற்குள் தோளை ஒடுக்கி முழுதாக நுழைந்துகொண்டாள். எலிகள் பின்னாலேயே போய் இடுக்கின் வாயை அடைத்தன.

"அம்மாவெல்லே குஞ்சு. வாங்கோ. அம்மாட்டை வாங்கோ."

கையை நீட்டினாள். இருட்டுக்குள் இரண்டு கண்கள் அந்தக் கையையே பார்த்தன. பிள்ளையின் உடம்பு நடுங்கத் தொடங்கியது. பூனையைக் கண்ட நடுக்கம். அவள் வாய் திறந்தது. ஒரு கிழமைக்குப் பிறகு வந்த முதல் சத்தம், மெல்லிய, நீண்ட கீச்சு.

கூரை முழுக்க அதற்குப் பதில் வந்தது. சுவருக்குள் இருந்து வந்தது. பிறகு, மழையையும் மீறி, நெல்லுக் களஞ்சியத்தில் இருந்து வந்தது.